இஞ்சு டேப்போடு கடலுக்கு

திருச்சியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



தலைவர் என்னை ‘உலகம் சுற்றியவர்’ என்று அறிமுகப்படுத்தினார். கொஞ்சம் அதிகம்தான். தபால் துறையில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்த இடத்திலேயே வேலை பார்த்தவன் நான். வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போனது மூன்றே முறை. அதிலும் முதல் முறை ஒரு சொட்டுக் கடல்நீர் என் மேல் படவில்லை. இன்றைக்கு நான் பேசப்போவதில் பாதி, அந்த முதல் பயணம் கற்றுக்கொடுத்த பாடம்.

எனக்குச் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். இரண்டு வயதில் போலியோ. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் வீட்டில் எல்லோரும் கடலில் முழுக்குப் போடுவார்கள். என்னைக் கரையில் ஒரு துண்டை விரித்து உட்காரவைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது பாட்டி ஒரு சொம்பில் கடல்நீர் மொண்டுவந்து என் தலையில் ஊற்றுவாள். எனக்கு அதுதான் சமுத்திர ஸ்நானம். யாரும் என்னை ஒதுக்கினார்கள் என்று சொல்லமாட்டேன். அப்பா தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிய வருஷங்களும் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதானபின் அவருக்கும் முடியவில்லை, எனக்கும் வெட்கம் வந்துவிட்டது. சொம்புதான் நிலைத்தது.

பணி ஓய்வு பெற்ற பிறகு மகன் கேட்டான், “அப்பா, எங்க போகணும்?” கடல் என்றேன். “கடல்தான் இங்கயே இருக்கே!” என்றான். இருக்கிறது. கரைவரை கார் போகும். அதற்கப்புறம் முப்பது அடியோ முந்நூறு அடியோ மணல் கிடக்கிறதே, அதுதான் என் பிரச்சினை.

மணலில் சக்கர நாற்காலி ஏன் ஓடாது என்று யோசித்திருக்கிறீர்களா? பின்சக்கரம் பெரியது, அது ஓரளவு சமாளிக்கும். முன்னால் இருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்கள்தான் எமன். உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு அந்த விரல் அகலச் சக்கரத்தில் இறங்குகிறது. காய்ந்த மணலில் அது கலப்பைக் கொழுப்போல உள்ளே போய்விடும். தள்ளுகிறவர் தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகப் போகும். நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இழுத்தால் கொஞ்சம் நகரும். அலை நனைத்துப் போன ஈரமணல் கெட்டியாக இருக்கும், அங்கே உருட்டலாம். ஆனால் அந்த ஈரமணலுக்குப் போய்ச் சேர காய்ந்த மணலைத் தாண்டியாக வேண்டும்.

இதற்கு உலகத்தில் மூன்று வழி வைத்திருக்கிறார்கள். மணல்மேல் பாய் விரிப்பது, அல்லது பலகை பாவுவது, ஒரு வழி. பலூன் போலப் பருத்த டயர்கள் உள்ள, தண்ணீரில் மிதக்கும் நாற்காலி இன்னொன்று. மூன்றாவது தண்டவாளம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் பயணம் ஸ்பெயினில் ஒரு கடற்கரை ஊர். பெயர் வேண்டாம், தப்பு அவர்கள் பேரில் இல்லை. அணுகல் வசதியுள்ள கடற்கரை, பாய் உண்டு, மிதக்கும் நாற்காலி உண்டு, உதவியாளர் உண்டு என்று படத்தோடு போட்டிருந்தார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் ஏப்ரலில் கிளம்பினோம். நமக்கு ஏப்ரல்தானே கோடை! போய்ப் பார்த்தால் மணல் மொட்டையாகக் கிடக்கிறது. பாய்களைச் சுருட்டிக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள். உதவியாளர் சேவை கோடையில்தான், அதாவது அவர்கள் கோடையில். கடலில் கை வைத்துப் பார்த்த பேரன் அலறினான். அந்தப் பக்கத்து மத்தியதரைக்கடல் ஏப்ரலில் 14 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆகஸ்டில்தான் 25ஐத் தொடும். போலியோக் கால்களுக்குக் குளிர் ஆகவே ஆகாது. இறங்கியிருந்தாலும் விறைத்துப்போயிருப்பேன்.

கடற்கரை கட்டடம் இல்லை, நகர்ந்துகொண்டே இருக்கும். நம் மெரினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் கடைசியில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீளத்தில் மரப்பாதை திறந்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்தார்கள். திறப்பு விழாப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்த டிசம்பரில் ஒருவர் வெளியூரிலிருந்து வந்திருந்தால்? ஆகவே ‘வசதி இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். நான் வருகிற வாரத்தில் பாய் விரித்திருக்குமா, எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை ஆள் இருப்பார், பாய் தண்ணீர்வரை வருமா, பாதியில் நிற்குமா என்று கேளுங்கள். பாய் பெரும்பாலும் பாதியில்தான் நிற்கும். அலை அடித்துப் போகும் இடத்தில் எதையும் விரித்துவைக்க முடியாதே.

ஓட்டல் கதை இதைவிடச் சோகம். எழுதிக் கேட்டபோது, முழுக்க அணுகல் வசதியுள்ள ஓட்டல் என்று பதில் வந்திருந்தது. கீழே இன்னொரு வரி: வாசலில் இரண்டு படி மட்டும்தான். இரண்டு படியை மகன் சமாளித்துவிட்டான். குளியலறைக் கதவு 60 சென்டிமீட்டர். என் நாற்காலி 64. நாலு சென்டிமீட்டர், இரண்டு கட்டைவிரல் அகலம். அதற்காக ஆறு ராத்திரியும் அவன் தூக்கத்திலிருந்து எழுந்துவந்து என்னைத் தாங்கிப் பிடித்தான். நாற்பது வயது மகனைப் பாத்ரூமுக்காக எழுப்புவது எப்படி இருக்கும் என்று இங்கே சிலருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான்காம் நாள் மாலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் என் மனைவி தையல் மிஷின் டப்பாவைத் திறந்து இஞ்சு டேப்பை எடுத்தாள். “ஏங்க, ஜாக்கெட்டுக்கே அளவு எடுக்காம துணி வெட்டமாட்டோம். இவ்வளவு தூரம் அளவே இல்லாமப் போயிட்டு வந்திருக்கோமே!” என்றாள். இந்த விஷயத்தில் நான் படித்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு வாக்கியம் பெரியது.

அன்றைக்கே உட்கார்ந்து என்னை அளந்தோம். நாற்காலியின் அகலம், கைவளையத்தோடு சேர்த்து. உட்காரும் பலகையின் உயரம், தரையிலிருந்து. கால்மிதியோடு நீளம், லிஃப்டுக்குள் கதவு மூடுமா என்பது அதில்தான் இருக்கிறது. எடை, ஆளோடும் ஆளில்லாமலும். பிறகு ஓட்டலுக்கு எழுதும் கடிதத்தில் ‘வசதி’ என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். கதவைத் திறந்து வைத்தால் இடைவெளி எத்தனை சென்டிமீட்டர்? கட்டில் மெத்தையோடு எத்தனை உயரம்? இதை ஏன் கேட்கிறோம் என்றால், என் நாற்காலி உயரம் 50. நட்சத்திர ஓட்டல்களில் மெத்தைமேல் மெத்தை போட்டு 65, 70க்குக் கொண்டுபோய்விடுகிறார்கள், ராஜா கட்டில் மாதிரி. ஏறுவது மலையேற்றம். ஷவரில் குந்து இருக்கிறதா, தரையோடு தரையாக இருக்கிறதா? கழிப்பறைக் கைப்பிடி எந்தப் பக்கம்? எனக்கு வலது கைதான் பலம். பழைய ஐரோப்பியக் கட்டடங்களில் லிஃப்ட் இருக்கும், ஆனால் அந்த லிஃப்டுக்குப் போகவே நாலு படி இருக்கும். அதையும் தனியாகக் கேட்கவேண்டும். சாய்தளம் இருக்கிறது என்றால் எத்தனை நீளம் என்று கேளுங்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது கணக்கு. 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் சாய்தளம் வேண்டும். பலகையைச் செங்குத்தாகச் சாய்த்துவைத்தால் அது உங்களைப் பின்னால் கவிழ்க்கும் பொறி.

கடைசியாக ஒரு விண்ணப்பம் வைப்போம்: தயவுசெய்து குளியலறைக் கதவில் டேப்பைப் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பத்து ஓட்டலுக்கு எழுதினால் மூன்று பேர் அனுப்புவார்கள். அந்த மூன்றில் ஒன்றில் தங்கினால் போதும். மற்ற ஏழு பேரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அளந்து பார்த்திருக்கவே மாட்டார்கள்.

விமானத்துக்கு வருகிறேன். சக்கர நாற்காலி உதவி கேட்டால் உங்கள் டிக்கெட்டில் நாலெழுத்துக் குறியீடு ஒன்று ஏறும். முதல் மூன்று எழுத்து எல்லோருக்கும் ஒன்றுதான்: டபிள்யூ, சி, ஹெச். நான்காவது எழுத்தில்தான் தலையெழுத்து. ஆர் என்றால் தூரம் நடக்க முடியாது, படி ஏறுவார். எஸ் என்றால் படி ஏறமாட்டார், விமானத்துக்குள் இருக்கைவரை நடப்பார். சி என்றால் இருக்கைவரை கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். முதல் பயணத்தில் டிக்கெட் போட்டவர் எனக்கு ஆர் போட்டுவிட்டார். இடையில் விமானம் மாறும் ஊரில் எங்கள் விமானத்தைக் கட்டடத்திலிருந்து தள்ளி வெட்டவெளியில் நிறுத்தினார்கள். கீழே இறங்கப் படிக்கட்டுதான். லாரிமேல் ஓர் அறை வைத்து விமானக் கதவு உயரத்துக்குத் தூக்கும் ஆம்புலிஃப்ட் என்ற வண்டி உண்டு. அது எஸ்ஸுக்கும் சிக்கும்தான் வரும். ஆர் ஆசாமி படி இறங்குவார் என்பது அவர்கள் கணக்கு. காலில் மாட்டியிருந்த காலிப்பரின் முழங்கால் பூட்டை நீக்கி, படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். பின்னால் இருநூறு பேர் காத்திருந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை; அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

ஆகவே அந்த ஓரெழுத்தை நீங்களே கேட்டு, நீங்களே சரிபாருங்கள். குறைந்தது 48 மணி நேரம் முன்னால் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 என்ற எண்ணுள்ள விதியும் அதைத்தான் கேட்கிறது. அந்த விதிப்படி அங்குள்ள விமான நிலையங்களில் உதவி இலவசம். இறங்கும்போது நாம்தான் கடைசி ஆள். அதனால் விமானம் மாறுவதற்கு ஒன்றரை மணி நேர இடைவெளியெல்லாம் நமக்கு ஆகாது. மூன்று மணி நேரமாவது வையுங்கள்.

பேட்டரி நாற்காலிக்காரர்கள் இருந்தால் இந்தப் பெருக்கலைக் குறித்துக்கொள்ளுங்கள். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி. 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு 300 வாட்-மணிவரை அனுமதி. அதைக் கழற்றி உங்களோடு விமானத்துக்குள் கொண்டுபோக வேண்டும். இரண்டு பேட்டரி வண்டி என்றால் ஒவ்வொன்றும் 160க்குள் இருக்கவேண்டும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

நாற்காலி உடைந்தால்? இங்கேதான் எனக்குக் கோபம் வரும். மாண்ட்ரியல் உடன்படிக்கை என்று ஒன்று 1999இல் போட்டார்கள். இந்தியாவும் 2009இல் சேர்ந்தது. அதன் கண்ணில் என் நாற்காலி ஒரு பெட்டி. உங்கள் சூட்கேஸும் என் கால்களும் ஒரே இனம். இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் கடைசியிலிருந்து எஸ்.டி.ஆர். என்ற பன்னாட்டுக் கணக்கு அலகில் 1,519; நம் பணத்தில் இரண்டு லட்சத்தை ஒட்டிய தொகை. சாதாரண நாற்காலிக்கு அது போதும். இறக்குமதி செய்த மின் நாற்காலி நாலு லட்சம், ஐந்து லட்சம். அதற்கும் ஒரு வழி அந்த உடன்படிக்கையிலேயே இருக்கிறது: பெட்டியை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைத் தனியாக எழுதிக்கொடுத்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் கட்டிவிட்டால், வரம்பு நீங்கள் எழுதிய தொகைவரை உயரும். ஒப்படைக்குமுன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கழற்ற முடிந்த மெத்தை, கால்மிதி, ஜாய்ஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விமானக் கதவுவரை சொந்த நாற்காலியிலேயே போவேன், இறங்கும்போதும் கதவிலேயே வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

ஐரோப்பா போவதற்கான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய பத்தியை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படியுங்கள்.

இரண்டாவது பயணம் பார்சிலோனா. ஜூலை மாதம். இந்த முறை பேரப்பிள்ளைகளின் லீவைப் பார்க்கவில்லை, நானும் மனைவியும் மட்டும்.

அந்த ஊரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஊர் என்று அவர்களே சொல்வார்கள். கரையோரம் தொழிற்சாலைகளும் ரயில் பாதையும் அடைத்துக்கொண்டிருந்தன. 1992 ஒலிம்பிக்குக்காக அவற்றை அகற்றி, மணல் கொட்டிக் கடற்கரையை உண்டாக்கினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் பாராலிம்பிக்கும் அங்கேதான் நடந்தது. கடற்கரைப் பாதை கிலோமீட்டர் கணக்கில் சமதளமாகப் போகிறது. நான் தனியாகவே உருட்டிக்கொண்டு போனேன். நகரப் பேருந்துகள் எல்லாம் தாழ்தளம், சாய்பலகை உண்டு. மெட்ரோவில் மட்டும் சில நிலையங்களில் லிஃப்ட் இல்லை. ஏறும் நிலையத்தை மட்டும் பார்த்தால் போதாது, இறங்கும் நிலையத்தையும் மாறும் நிலையத்தையும் பார்க்கவேண்டும். சக்ரதா ஃபமீலியா தேவாலயத்தின் உள்ளே போகலாம், கோபுரத்துக்கு நம்மை விடமாட்டார்கள். பார்க் குயெல் மலைச்சரிவு. அதை மனைவியிடம் விட்டுவிட்டேன், அவள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

நோவா இக்காரியா என்பது அங்குள்ள ஒரு கடற்கரை. கோடையில் உதவியோடு குளிக்கும் சேவை அங்கே இருக்கிறது. உடை மாற்றும் இடம், தூக்கி மாற்றுகிற சிறு கிரேன், மிதவைச் சட்டை, மிதக்கும் நாற்காலி. ‘சிய்யா அன்ஃபீபியா’ என்று கேட்டால் கொண்டுவருவார்கள். தவளை நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மஞ்சள் டயர், கைப்பிடி இருக்கும் இடத்தில் இரண்டு மிதவை. இரண்டு இளைஞர்கள். தூக்குவதற்குமுன் ஒருவன் சைகையில் கேட்டான்: எங்கே பிடிக்க? அறுபது வருஷத்தில் என்னைத் தூக்கியவர்கள் பலர். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. அக்குளில் பிடிக்காதே, முழங்காலுக்குக் கீழே ஒரு கை, முதுகில் ஒரு கை என்று காட்டினேன். காலிப்பரைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தேன். வெயிலில் வைத்தால் அந்த இரும்பு அடுப்பாகிவிடும், துண்டால் மூடு என்றேன். போலியோ அசைவைத்தான் எடுத்துக்கொள்ளும், உணர்ச்சியை விட்டுவைக்கும். சுட்டால் எனக்குத் தெரியும். தண்டுவடம் அடிபட்டவர்கள் பலருக்குச் சுடுவதே தெரியாது. அவர்கள் மணலில் காலை வைக்கவே கூடாது.

இடுப்பளவுத் தண்ணீரில் நாற்காலி தானாக மிதந்தது. பிறகு பட்டையை அவிழ்த்து என்னைத் தண்ணீரில் விட்டார்கள். மிதவைச் சட்டை தாங்கியது. என் இடது தொடை அசைந்தது. அதிசயம் ஒன்றுமில்லை, எடையைத் தண்ணீர் வாங்கிக்கொண்டால், மிச்சமிருக்கும் துளித் தசைக்கு அது போதும். ஆனாலும் அது என் கால்தானா என்று குனிந்து பார்த்தேன். மனைவி புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு அலை ஓரத்தில் நின்றாள். அவளுக்குக் கடலென்றால் பயம், மேற்கொண்டு வரமாட்டாள். அவர்கள் என்னைக் கரைப்பக்கம் கொண்டுவந்தபோது இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவள் தலையில் விட்டேன். “போதும் போதும், உப்பு!” என்றாள்.

மூன்றாவது கிரீஸ். தண்டவாளம் என்று சொன்னேனே, அது இங்கே. ஸீட்ராக் என்று பெயர். கிரேக்கர்களே செய்தது. கரையிலிருந்து கடலுக்குள் இறங்கும் ஒரு தண்டவாளம், அதில் ஓர் இருக்கை, சூரிய மின்சாரம், கையில் ஒரு ரிமோட். அந்த நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட கடற்கரைகளில் இருக்கிறது. ஏதென்ஸை ஒட்டிய ஒரு கரையில் நாங்கள் போனபோது ஒரு சிறுவன் அதைச் சறுக்குமரமாக்கி விளையாடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடினான். நாற்காலியிலிருந்து அந்த இருக்கைக்கு நானே மாறி, பொத்தானை அமுக்கி, நானே கடலுக்குள் போனேன். வேண்டுமென்றபோது நானே திரும்பி வந்தேன்.

இதையே ஏன் எல்லா ஊரிலும் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். மத்தியதரைக்கடலில் ஓதம் மிகக் குறைவு, பெரும்பாலான கரைகளில் ஓரிரு சாண். தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கும், தண்டவாளத்தைப் பதித்துவிடலாம். பிரான்சின் வடமேற்கில் சேன் மாலோ போன்ற ஊரில் பெரும் ஓதத்தின்போது கடல்மட்டம் 12 மீட்டர்வரை ஏறி இறங்கும். காலையில் காலடியில் இருந்த கடல் மத்தியானம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். அங்கே போகிறவர்கள் ஓட்டல் பதிவு செய்யுமுன் ஓத அட்டவணையைப் பார்க்கவேண்டும்.

பார்சிலோனாவா கிரீஸா என்று என்னை நிறையப் பேர் கேட்கிறார்கள். கையில் பலம் இருந்து, தானே மாறி உட்காரத் தெரிந்தவருக்கு கிரீஸ். பக்கவாதம் வந்தவர், வயதானவர், பிறர் தூக்கித்தான் ஆகவேண்டும் என்பவருக்கு பார்சிலோனா. கிரீஸ் என்றதும் சாண்டோரினி போகலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள், வெள்ளை வீடு, நீலக் கூரை. அந்தப் படத்தில் தெரிவதெல்லாம் படிக்கட்டு. ஃபிரா ஊரிலிருந்து பழைய துறைமுகத்துக்கு மட்டும் ஐந்நூறுக்கும் மேல். மாலத்தீவும் அப்படித்தான், தீவுக்குப் போய்விட்டால் சமதளம், போய்ச் சேருவது ஆடுகிற படகிலோ நீரில் இறங்கும் குட்டி விமானத்திலோ.

ஒன்று மறந்துவிட்டேன். கடலிலிருந்து வந்த அன்றே நாற்காலியின் சக்கர அச்சுகளை நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள். உப்பு பேரிங்கைத் தின்றுவிடும். நான் ஒரு வாரம் சோம்பல்பட்டேன். அதன் சத்தத்தை இன்றைக்கு இந்த மேடையில் ஏறும்போது நீங்களே கேட்டிருப்பீர்கள்.

கேள்விகளுக்குத் தலைவர் இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். அதற்குமுன் என் மனைவி அந்த இஞ்சு டேப்பைக் கொண்டுவந்திருக்கிறாள். முன்வரிசையில் இருக்கும் அம்மா, உங்கள் நாற்காலியிலிருந்து ஆரம்பிப்போம். கைவளையத்தையும் சேர்த்து அளக்கவேண்டும். யாரிடமாவது பேனா இருக்கிறதா?